நூலில் தொங்கும் திறப்புகள்

அம்மாவின் அலுமாரியில் கீழ்த்தட்டின் மூலையில் ஒரு பால்மாப் பேணி இருக்கிறது. பழைய அடையாள அட்டையின் பிரதிகள், மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோன நிவாரண அட்டை, ஒரு கண்ணாடி மட்டும் மிஞ்சிய அப்பாவின் மூக்குக்கண்ணாடி ஆகியவற்றோடு ஒரு பித்தளைத் திறப்பும் அதற்குள் கிடக்கிறது. அதன் தலைப்பக்கத் துவாரத்தில் வலைக்குப் பாவிக்கும் பச்சை நைலோன் நூல் ஒரு முழம் கட்டப்பட்டிருக்கிறது. பல் பக்கம் கறுத்துவிட்டது. விரல் படும் தலைப்பக்கம் மட்டும் இன்னும் மஞ்சளாக மினுங்குகிறது. 2006 ஏப்ரலில் போரின்போது திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரை விட்டு வெளியேறியபோது முன்கதவைப் பூட்டி அம்மா இடுப்பில் செருகிக்கொண்ட திறப்பு அது. ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை, மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம் என்று பத்து வருடங்கள் அது எங்களோடு அலைந்தது. 2016இல் காணிக்குப் போக விட்டபோது அம்மா அதையும் மறக்காமல் எடுத்துக்கொண்டுதான் போனார். அங்கே கதவு இல்லை, கதவு நின்ற சுவரும் இல்லை. கிணற்றுக்கட்டின் ஒரு பக்கத்தையும் பின்வளவில் நின்ற தென்னைகள் இரண்டையும் வைத்துத்தான் வளவை அடையாளம் கண்டோம்.

சிஹாரு ஷியோட்டா என்ற யப்பானியக் கலைஞரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு அம்மாவின் பேணியைத் திறந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவரைப் பற்றி நான் முதன்முதலில் அறிந்ததே திறப்புகளின் வழியாகத்தான். 2015ஆம் ஆண்டு வெனிஸ் நகரத்தில் நடந்த 56ஆவது பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் யப்பானின் மண்டபத்தை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். பாவித்த திறப்புகளைத் தரும்படி உலகெங்கும் ஆட்களிடம் கேட்டு வாங்கி, 180,000 திறப்புகளைச் சிவப்பு நூலில் கோர்த்து, மண்டபத்தின் கூரையே தெரியாதபடி அந்த நூலைப் பின்னி, அதன் கீழே வெனிஸின் பழைய வள்ளங்கள் இரண்டை அவர் நிறுத்தியிருந்தார். மேலிருந்து பெய்கின்ற திறப்பு மழையை இரண்டு கைகள் ஏந்துவதுபோல அந்த வள்ளங்கள் கிடந்தன. ‘கையிலுள்ள திறப்பு’ என்பது அந்தப் படைப்பின் பெயர். அதன் படமொன்று கைபேசியில் தற்செயலாக வந்தபோது, நாங்கள் சம்பூர்க் காணியைப் பார்த்துவிட்டு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திறப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. பூட்டுத் திறப்பு, அலுமாரித் திறப்பு, பெட்டகத் திறப்பு எல்லாம் கலந்து கிடந்தன. வலைநூல் கட்டிய திறப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை.

இத்தகைய கலையை நிறுவற்கலை என்றும் தாபனக் கலை என்றும் தமிழில் எழுதுகிறார்கள். இரண்டு சொற்களுமே அலுவலகக் கோப்பொன்றில் இருந்து எழுந்து வந்தவைபோல இருப்பதால், முதன்முறை கேட்பவருக்கு ஒன்றும் விளங்குவதில்லை. விளங்கும்படி சொல்வதானால், சுவரில் மாட்டிவிட்டு எட்ட நின்று பார்க்கும் படமுமல்லாமல், சுற்றிவந்து பார்க்கும் சிலையுமல்லாமல், ஓர் இடத்தையே எடுத்து அதற்குள் நாம் நுழைந்து நடக்கும்படி ஆக்கி வைப்பது. கோயில் திருவிழாவுக்குச் சோடித்த பந்தலுக்குள் நுழையும்போது உடம்பில் ஏற்படும் மாற்றத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பந்தலைப் போலவே இதுவும் நாள் முடிந்தால் பிரிக்கப்படுகிறது.

ஷியோட்டா 1972இல் ஒசாகா மாகாணத்தின் கிஷிவாடா என்ற கடலோர நகரத்தில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் மீன் அடுக்கும் மரப்பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தினார்கள். இந்தத் தகவலை வாசித்தபோது எனக்கு உண்டான நெருக்கத்தை மறைக்க விரும்பவில்லை. நான் இப்போது குடியிருக்கும் திருகோணமலை நகரத்துத் திருக்கடலூரில் காலை விடியுமுன் காதில் விழும் முதல் சத்தம் மீன்பெட்டிகளை லொறியில் ஏற்றும் சத்தம்தான். எங்களிடம் மரப்பெட்டி போய் றெஜிபோம் பெட்டி வந்து நெடுங்காலமாகிவிட்டது. ஒரே அளவான பெட்டிகள் நாள்தோறும் இயந்திரம்போல உருவாகி வெளியேறுவதைப் பார்த்து வளர்ந்த அந்தச் சிறுமி, அந்த வாழ்க்கைக்கு எதிர்த்திசையில் எதையோ தேடி, பன்னிரண்டு வயதிலேயே ஓவியராவது என்று முடிவு செய்துவிட்டார். ஆனால் அவருடைய பிற்காலப் படைப்புகளைப் பார்க்கும்போது, ஒரே செயலை ஆயிரம் தடவை செய்யும் கைகளை அவர் அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான் கொண்டுவந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய சிறுவயது நினைவுகள் இரண்டு அவருடைய படைப்புகளுக்குள் திரும்பத் திரும்ப வருகின்றன. பாட்டியின் கல்லறையில் முளைத்த புல்லைப் பிடுங்கியபோது உள்ளேயிருந்து மூச்சுக் கேட்பதுபோல உணர்ந்து அஞ்சியது ஒன்று. மற்றையது, ஒன்பது வயதில் பக்கத்து வீடு இரவில் தீப்பற்றி எரிந்ததைக் கண்டது. மறுநாள் காலையில் வெளியே கிடந்த எரிந்த பியானோவை அவர் பார்த்தார். வாசிக்கவே முடியாத அந்தக் கரிய உருவம், வாசிக்கப்பட்ட காலத்தைவிட அழகாகவும் அச்சமூட்டுவதாகவும் இருந்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எரிந்த பியானோ, எரிந்த கதிரைகள், அவற்றைச் சூழ்ந்து அறை முழுவதும் கறுப்பு நூல் என்று அவர் பல நாடுகளில் அமைத்த ‘மௌனத்தில்’ என்ற படைப்பு அந்தக் காலையிலிருந்து பிறந்தது. எரிந்த வீட்டை மறுநாள் காலையில் போய்ப் பார்த்த சிறுவர்கள் எங்கள் மாவட்டத்தில், எந்த இனத்திலும் எந்த ஊரிலும், குறைவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறிலும் இந்த நகரத்தில் வளர்ந்த எவரைக் கேட்டாலும் சாம்பலுக்குள் தான் கண்ட ஒரு பொருளைச் சொல்வார். தையல் மெசினின் இரும்புக் கால், வெடித்த மாபிள், உருகிய தட்டம் என்று அந்தப் பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும்.

1992இல் கியோட்டோவின் செய்கா பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கச் சேர்ந்த ஷியோட்டாவுக்கு மிக விரைவிலேயே ஓவியம் கைவிட்டுப்போனது. எதை வரைந்தாலும் அது ஏற்கனவே யாரோ வரைந்ததுபோலத் தெரிந்தது. கலை வரலாற்றின் பாரத்துக்கும் தன்னுடைய வாழ்க்கைக்கும் இடையில் ஒரு தொடர்பும் இல்லை என்ற எண்ணத்தில், வரைவதையே நிறுத்திவிட்டார். மாணவர் பரிமாற்றத்தில் அவுஸ்திரேலியாவின் கன்பெராவுக்குச் சென்றிருந்தபோது, தான் ஓர் ஓவியத்துக்குள் அடைபட்டு மூச்சுவிட முடியாமல் இருப்பதாக ஒரு கனவு கண்டார். கனவிலிருந்து எழுந்தவர் செய்தது, சிவப்பு எனாமல் பெயின்றைத் தன் உடம்பின்மீதே ஊற்றிக்கொண்டு, துணியைப் போர்த்தி, தானே ஓவியமாகி நின்றது. 1994இல் நடந்த அந்தச் செயலின் பெயர் ‘ஓவியமாதல்’. எனாமல் நச்சுத்தன்மை உள்ளது. தோல் எரிந்தது, நிறம் பல நாட்கள் உடம்பை விட்டு அகலவில்லை. கலைக்காக உடம்பைப் புண்ணாக்குவதை நான் வியந்து பார்ப்பவள் அல்ல. எனினும் அந்தச் சிவப்பு பிற்காலத்தில் உடம்பை விட்டு இறங்கி நூலுக்குள் போய்விட்டதை நினைத்தால், அந்தப் பெயின்ற் வீண்போகவில்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1996இல் அவர் ஜேர்மனிக்குப் போனார். போலந்தின் புகழ்பெற்ற நெசவுச் சிற்பியான மக்டலேனா அபகனோவிச்சிடம் படிக்க விரும்பியவர், பெயர்க் குழப்பத்தில் மரினா அப்ரமோவிச்சிடம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது அவரே சிரித்துக்கொண்டு சொல்லும் கதை. ஒருவர் நாரையும் கயிற்றையும் கொண்டு மனித உருவங்களைச் செய்தவர்; மற்றவர் தன்னுடைய உடம்பையே கருவியாக்கி, வலியின் எல்லைவரை போய்ப் பார்த்த நிகழ்த்துகலைஞர். பிழையான கதவைத் தட்டிய பெண்ணுக்கு அந்த வீட்டிலேயே வேண்டியது கிடைத்தது. அப்ரமோவிச் நடத்திய பட்டறையொன்றில் மாணவர்கள் நாட்கணக்காக உண்ணாமலும் பேசாமலும் இருந்தார்கள். முடிவில், விடியற்புறத்தில் எழுப்பி, ஒரேயொரு சொல்லை எழுதச் சொன்னபோது ஷியோட்டா எழுதிய சொல் ‘யப்பான்’. அதற்குப் பிறகு, உடம்பெல்லாம் மண் பூசிக்கொண்டு, மலைச்சரிவில் இருந்த ஒரு பொந்துக்குள் ஏறி நுழைய முயன்று முயன்று உருண்டு விழும் ஒரு நிகழ்த்துகையை அவர் செய்தார். வீடு திரும்ப முயலுதல் என்பதே அதன் பொருள்.

புலம்பெயர்ந்து போன ஒருவருக்கு நேர்வதை அவர் ஒரு நேர்காணலில் காலணியை உவமையாக வைத்துச் சொல்லியிருந்தார். மூன்று வருடங்கள் கழித்து ஊருக்குத் திரும்பிப் பழைய சப்பாத்தைக் காலில் போட்டுப் பார்த்தபோது, அது தன்னுடையதுதான், அளவும் அதேதான், ஆனாலும் காலுக்குப் பொருந்தவில்லை என்று உணர்ந்தாராம். அந்தப் பொருந்தாமையிலிருந்துதான் பிறர் பாவித்த சப்பாத்துகளைச் சேர்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு சப்பாத்தோடும் அதன் உரிமையாளர் எழுதிய குறிப்பு ஒன்று இருக்க, எல்லாச் சப்பாத்துகளிலிருந்தும் சிவப்பு நூல் புறப்பட்டு ஒரே புள்ளியில் போய் முடியும். 2014இல் வொஷிங்டனிலும் அத்தகைய அமைப்பொன்றை வைத்தார். பாரிசிலுள்ள அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. ஊர் வந்து நின்ற மூன்று கிழமையும் செருப்பில்லாமல் மணலில் நடக்க முடியாமல் தவித்ததைத் தான் எவருக்கும் சொல்லவில்லை என்றாள்.

நூல் அவருடைய கைக்கு வந்த விதமும் வீடு மாறுவதோடு சம்பந்தப்பட்டதுதான். பேர்லினில் அடிக்கடி அறை மாறிக்கொண்டிருந்த காலத்தில், காலையில் கண் விழித்தால் எங்கே கிடக்கிறோம் என்று தெரியாமல் திகைத்தவர், படுக்கையைச் சுற்றி நூலைக் கட்டித் தனக்கென்று ஓர் எல்லையை உண்டாக்கிக்கொண்டார். முகாமில் எங்கள் கொட்டிலுக்கும் அடுத்த கொட்டிலுக்கும் இடையில் அம்மா சேலை கட்டிய கயிறும் அதே வேலையைத்தான் செய்தது. அதை நாங்கள் கலை என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு அந்த நூல் படுக்கையிலிருந்து அறைக்கும், அறையிலிருந்து மண்டபங்களுக்கும் பரவியது. கட்டில்கள், வெள்ளைச் சட்டைகள், பெட்டிகள் என்று மனிதர் விட்டுப்போனவை ஒவ்வொன்றாக அதற்குள் வந்து சேர்ந்தன. பேர்லின் சுவர் விழுந்த பின்னர் கிழக்குப் பகுதியில் இடிக்கப்பட்ட கட்டடங்களிலிருந்து பழைய யன்னல்களைப் பொறுக்கிச் சேர்த்து, அவற்றை அடுக்கி ஒரு கோபுரம் போலவும் வீடு போலவும் நிறுத்தியது அவருடைய மற்றொரு காலகட்டம். 2001இல் யோக்கஹாமா திரையனாலே என்ற கலைக் கண்காட்சியில், மண்ணில் ஊறிய பதின்மூன்று மீற்றர் நீளமான சட்டைகளின்மேல் இடைவிடாமல் நீர் வழியவிட்ட படைப்பே யப்பானில் அவரைப் பரவலாக அறியச் செய்தது. எவ்வளவு கழுவினாலும் தோலின் நினைவு போகாது என்பது அதன் கருத்து. நாடக, ஒப்பேரா மேடைகளையும் அவர் அமைத்திருக்கிறார். அவற்றை நான் பார்த்ததில்லை என்பதால் அவற்றுக்குள் போகவில்லை.

2025 ஜனவரியில் அக்காவிடம் போயிருந்தபோது பாரிசின் கிராண்ட் பலேயில் அவருடைய பெரிய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. குளிரில் ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்று உள்ளே போனோம். இரும்புச் சட்டங்களால் மட்டும் ஆன வள்ளங்கள், பலகை இல்லாமல், எலும்புக்கூடுகளாகத் தரையில் கிடந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் சிவப்பு நூல் புகைபோலக் கிளம்பி, மேலே போய், ஒன்றோடொன்று சேர்ந்து கூரையை மூடியிருந்தது. வள்ளத்தின் குறுக்குச் சட்டங்களைப் பார்த்ததும் அக்கா என்னுடைய கையைப் பிடித்தாள். சுனாமிக்குப் பிறகு கரையில் பிளந்து கிடந்த தோணிகள் அவளுக்கு நினைவுக்கு வந்தனவாம். எனக்கு வந்த நினைவு வேறு. நூலுக்கு மிக அருகில் போய்ப் பார்த்தேன். தூரத்தில் முகில்போலத் தெரிந்தது, கிட்டப் போனால் சாதாரணக் கம்பளி நூலாகிவிட்டது. பஞ்சு எழும்பிய, இடையிடையே தளர்ந்த, ஓரிடத்தில் அறுந்து மீண்டும் முடிச்சிட்ட நூல். மண்டபச் சுவரின் பலகையோடு அதைப் பிடித்து வைத்திருந்தவை ஸ்டேப்ளர் கம்பிகள். இத்தனை பெரிய மண்டபத்தில் அந்த முடிச்சு ஒன்றுதான் எனக்கு ஒரு மனுசியின் கை அங்கே இருந்ததைச் சொன்னது.

திரும்பி வந்த பிறகு, கைபேசியில் எடுத்த படங்களை பக்கத்து வீட்டு மாமாவிடம் காட்டினேன். அவர் ஐம்பது வருடமாகக் கடலுக்குப் போனவர். முழங்கால் விட்டுக்கொடுத்த பின்னர் இப்போது வாசலில் இருந்து மற்றவர்களின் வலைகளைப் பொத்திக் கொடுக்கிறார். வலை பொத்துவதை வேலையென்று நினைக்காதவர்கள் ஒரு பின்னேரம் அவருக்குப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கிழிந்த இடத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்து, பிய்ந்த கண்ணிகளைக் கத்தியால் வெட்டிச் சுத்தமாக்கி, எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று முதலில் கண்ணாலேயே எண்ணிக்கொள்வார். பிறகு நூல் சுற்றிய வலை ஊசியை மேலிருந்து செருகி, விரலால் அளவு பிடித்து, சுற்றி, இறுக்கி, அடுத்த கண்ணிக்குப் போவார். ஒரு கண்ணி சிறுத்தாலும் பாரம் அந்த இடத்தில் விழுந்து மறுபடி கிழியும். ஆகவே அவர் கட்டிய இடம் எது, இயந்திரம் கட்டிய இடம் எது என்று நூலின் நிறத்தை வைத்தே தவிர வேறெதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.

படங்களை அவர் நெடுநேரம் பார்த்தார். ‘இதிலை கண்ணி இல்லையே பிள்ளை. அளவும் இல்லை. இது வலையில்லை’ என்றார். அவர் சொன்னது சரி. ஷியோட்டாவின் பின்னலில் அளவு கிடையாது; ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு இழுத்து, அதிலிருந்து மூன்றாவதற்கு இழுத்து, கோணல்மாணலான முக்கோணங்களாக அது வளர்கிறது. உதவியாளர்கள் பலர் சேர்ந்து நாட்கணக்காகக் கட்டுகிறார்கள். ஒரு தனி நூலைக் கண்ணால் பின்தொடர முடியாமல் போகின்ற கணத்தில்தான் படைப்பு முடிந்தது என்று அவர் கருதுகிறார். மாமாவின் வலையோ, எந்த நூல் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போனால் கெட்டது. மீனைப் பிடிக்கும் வலைக்கும், பிடிக்க முடியாததைப் பிடிக்கப் பார்க்கும் வலைக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை எந்தக் கலை விமர்சகரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கண்காட்சி முடிந்த பிறகு நூலை என்ன செய்வார்கள் என்று மாமா கேட்டார். வெட்டி எடுத்து எறிந்துவிடுவார்கள், அடுத்த இடத்தில் புது நூலில் மறுபடி கட்டுவார்கள் என்றேன். அந்த மனிதரின் முகம் மாறியது. ‘முழுசா வெட்டுறதோ?’ என்று இரண்டு தடவை கேட்டார்.

ஷியோட்டாவின் பேட்டிகளை வாசித்தால் அந்த வெட்டுதலை அவர் இழப்பாகப் பார்ப்பதாகத் தெரியவில்லை; பார்த்தவரின் நினைவில் மட்டும் இருப்பதே அதற்குப் போதும் என்பது அவருடைய நிலை. அதைச் சொல்லும் தகுதி அவருக்கு இருக்கிறது. 2005இல் சூலகத்தில் புற்றுநோய் கண்டு சிகிச்சை பெற்றவர், அதன் பின்னர் 2007இல் ஒரு மகளைப் பெற்றார். 2017இல், தோக்கியோவின் மோரி கலைக்கூடம் அவருடைய வாழ்நாட் படைப்புகளை ஒருசேரக் காட்சிப்படுத்த அழைத்த மறுநாள், நோய் திரும்பி வந்துவிட்டதாக மருத்துவர்கள் சொன்னார்கள். தொழிற்சாலையில் பொருட்களை நகர்த்திச் செல்லும் பட்டியில் ஏற்றிய பொருளைப்போல உடம்பு ஒரு சிகிச்சையிலிருந்து அடுத்த சிகிச்சைக்கு நகர்த்தப்படும்போது, ஆன்மா எங்கே இருக்கிறது என்ற கேள்வியோடு அவர் அந்தக் கண்காட்சியைத் தயாரித்தார். தன் மகளின் வயதையொத்த பத்து வயதுப் பிள்ளைகளிடம் ஆன்மா என்றால் என்ன என்று கேட்டுப் பதிவு செய்ததும் அதன் ஒரு பகுதியாயிற்று. 2019 ஜூன் முதல் ஒக்டோபர் வரை நடந்த அந்தக் கண்காட்சியை 660,000க்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். நானும் அக்காவும் பாரிசில் பார்த்தது அதுதான்; தோக்கியோவில் தொடங்கி நாடு நாடாகப் போய் அங்கே வந்திருந்தது.

அங்கே என்னை அதிகம் கலைத்தது பயணப்பெட்டிகள். பழைய பெட்டிகள் சிவப்புக் கயிறுகளில் தொங்கிக்கொண்டு படிப்படியாக மேலேறுகின்றன. சிலவற்றுக்குள் சிறு மோட்டர் வைத்திருக்கிறார்கள். அவை நடுங்குகின்றன, பக்கத்துப் பெட்டியில் இடித்து மெல்லச் சத்தம் போடுகின்றன. பேர்லினின் பழைய பொருட் சந்தையில் வாங்கிய பெட்டியொன்றுக்குள் 1946ஆம் ஆண்டுப் பத்திரிகை ஒன்றைக் கண்டெடுத்ததுதான் அதன் தொடக்கம். அந்தப் பெட்டிகளின் நடுக்கத்தை அதிக நேரம் பார்க்க முடியவில்லை. எங்களுடையவை பெட்டிகளல்ல, உரப்பைகள்.

இனி, நெடுநாளாக எனக்குள் இருக்கும் ஒரு முறைப்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். ஷியோட்டாவின் படைப்புகள் மிக அழகானவை. அந்த அழகே சில நேரம் இடைஞ்சலாக இருக்கிறது. சிவப்பு முகிலுக்குள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இளையவர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் எடுத்தேன். பாரிசின் ஒரு பெரிய ஆடம்பர அங்காடியில் 2017இல் அவர் வெள்ளை நூலில் 150 வள்ளங்களைத் தொங்கவிட்டபோது, கீழே வாசனைத் திரவியம் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதும் அவ்வளவு பெரிய குற்றமல்ல. என்னுடைய மனத்தாங்கல் திறப்புகளைப் பற்றியது. ஒரு திறப்புக்கு ஒரு கதவுதான் உண்டு. 180,000 திறப்புகள் ஒன்றாகத் தொங்கும்போது அவை திறப்புகளாகத் தெரியாமல் மழையாகத் தெரிகின்றன. எந்தத் திறப்பின் கதவு இன்னும் நிற்கிறது, எது இடிந்துபோனது, எதன் சொந்தக்காரர் வெறுமனே வீடு மாறியவர், எதன் சொந்தக்காரர் துரத்தப்பட்டவர் என்பதெல்லாம் அந்தச் சிவப்புக்குள் ஒன்றாகிவிடுகின்றன.

இதே பொருளை எங்கள் பக்கத்துக் கலைஞர் ஒருவர் வேறுவிதமாகக் கையாண்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தா. சனாதனன், இடம்பெயர்ந்த 80 பேரிடம் தாம் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டு, அந்தக் கோட்டுப்படத்தையும், அதைக் கொண்டு கட்டடக்கலைஞர் கீறிய வரைபடத்தையும், தான் வரைந்த ஓவியத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, 2011இல் ஒரு நூலாக்கினார். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் பெயரை அவர் அதற்கு வைத்திருந்தார். ஒரு தாள், ஒரு வீடு. எந்த அறையில் சாமிப்படம் இருந்தது, கிணறு எந்தப் பக்கம் என்பது வரை அதில் இருக்கிறது. நண்பர் ஒருவரின் பிரதியைப் புரட்டிய அன்று, நான் அம்மாவிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்தேன். அவர் வீட்டை வரையத் தொடங்கி, சமையலறையைப் பெரிதாக வரைந்து, தாளில் மற்ற அறைகளுக்கு இடமில்லாமல் போக, வைத்துவிட்டு எழுந்துபோனார்.

ஆனாலும் வெனிஸ் மண்டபத்தை நான் இன்னும் மனதிலிருந்து இறக்கவில்லை. நெருங்கியவர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்த காலத்தில்தான் ஷியோட்டா அதைச் செய்தார். வீட்டையும் பெறுமதியான பொருளையும் காப்பது திறப்பு, நம்பிக்கையானவரிடம் மட்டுமே நாம் அதை ஒப்படைக்கிறோம், அதன் உருவமும் தலையும் உடம்புமாக மனித உருவத்தை ஒத்திருக்கிறது என்பது அவருடைய விளக்கம். அந்தக் கடைசி வாசகத்தை வாசித்த பிறகு அம்மாவின் திறப்பைப் பார்த்தால், கழுத்தில் பச்சைக் கயிறு கட்டிய ஒல்லியான ஒரு ஆள் பேணிக்குள் படுத்திருப்பதுபோலத் தெரிகிறது. அந்த எண்ணத்தை என்னால் இப்போது விலக்க முடியவில்லை. மேலும், அத்தனை பேர் தங்கள் திறப்பை முகம் தெரியாத ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்களுக்குக் கொடுக்க முடிந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வெனிஸ் படைப்பின் காணொளியை ஒரு நாள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். ‘இவ்வளவத்தையும் பேந்து எப்பிடிப் பிரிச்சு ஆக்களிட்டைக் குடுக்கிறது?’ என்பது அவருடைய முதற் கேள்வி. திருப்பிக் கொடுப்பதில்லை, கொடுத்தவர்கள் கொடுத்ததுதான் என்றேன். அப்படியொரு அறிவித்தல் இங்கே வந்து, திருகோணமலையில் ஓரிடத்தில் பெட்டி வைத்துத் திறப்புகளைக் கேட்டால் நீங்கள் கொடுப்பீர்களா என்று கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. ‘டுப்ளிகேற் வெட்டிக் குடு மகள். இதைத் தரேலாது’ என்றார்.

விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று தெரியவில்லை. நான் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு, அடுத்த சனிக்கிழமை திறப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஜாருக்குப் போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, குடை ஒன்றின் கீழ், திறப்பு வெட்டும் தம்பி ஒருவர் இருக்கிறார். திறப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்து, பழைய வகை, இந்த வெட்டில் வெற்றுத்திறப்பு இப்போது வருவதில்லை என்றார். பிறகு பெட்டியைக் கிண்டி, கிட்டத்தட்டப் பொருந்தக்கூடிய ஒன்றைத் தேடி எடுத்து, இரண்டையும் மெசினில் பக்கம் பக்கமாகப் பூட்டினார். பித்தளைத் தூள் மஞ்சளாக அவருடைய விரல்களில் படிந்தது. பச்சை நூல் சுழலும் சில்லில் மாட்டாமலிருக்க அதைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். வெட்டி, அரத்தால் ஓரத்தைத் தேய்த்து, வெளிச்சத்தில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தவர், திருப்தியில்லாமல் மீண்டும் இரண்டு தடவை தேய்த்தார்.

‘வீட்டை போய்ப் போட்டுப் பாருங்கோ அக்கா. இறுக்கமா இருந்தா பூட்டைக் கழட்டிக்கொண்டு வாங்கோ, இதிலை வச்சே சரிப்பண்ணித் தாறன், காசு வேண்டாம்’ என்றார்.

பூட்டு இல்லை என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். மணிக்கட்டில் சுற்றியிருந்த நூலை அவிழ்த்து, இரண்டு திறப்புகளையும் அதிலேயே ஒன்றாகக் கோர்த்து, ஒரு முடிச்சுப் போட்டுத் தந்தார். பூட்டில்லாமல் சரியா பிழையா என்று தன்னால் சொல்ல முடியாது என்பதால் பாதிக்காசு போதும் என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா முதலில் அந்த முடிச்சை அவிழ்த்தார். புதியதை மேசையில் எனக்கு முன்னால் வைத்துவிட்டு, பழையதைப் பேணிக்குள் போட்டு மூடினார்.